தமிழ்ப் பூசைக்கு மட்டும் வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

போன செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் கோவிலின் அடித்தள மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. மறைமாவட்டம் பங்குகளை இணைக்கப் போகிறது. ஒரு கோவிலும் அதைச் சேர்ந்த மக்களும் சேர்ந்ததுதான் ஒரு பங்கு. எந்தக் கோவிலை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று முடிவெடுப்பதற்கு முன்னால் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். மூடப்படலாம் என்ற பட்டியலில் எங்கள் கோவிலும் இருக்கிறது. அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். ஒருவர் ஆக்ஸிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். பேச நினைப்பவர்கள் பேசலாம் என்றதும் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, பின்னால் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்: “மாதாமாதம் மூன்றாம் ஞாயிறு உங்கள் ஆட்கள் நூறு பேருக்கு மேல் இங்கே வருகிறார்களே, அவர்கள் எல்லாம் எங்கே?”

அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மண்டபத்தில் இருந்த ஒரே தமிழ் ஆள் நான். வேலை நாள், தூரத்திலிருந்து வரவேண்டும் என்று ஏதோ சொன்னேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் சொன்னது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

மூன்றாம் ஞாயிறு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊரில் அது முதல் சனிக்கிழமையாகவோ கடைசி ஞாயிறாகவோ இருக்கலாம். பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு தமிழ் ஃபாதர் நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார். அவர் வருவதற்குள் இங்கே கோவில்பிள்ளை வேலை பார்க்கும் பெரியவர் வந்து ஹீட்டரைப் போட்டு, வாசலில் பனியை வாரி, உப்புத் தூவி வைத்திருப்பார். பூசை முடிந்ததும் கீழே மண்டபத்தில் பிரியாணி, தயிர்ப்பச்சடி, பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் சத்தம். ஊரில் தேர் நிலைக்கு வந்த ராத்திரி மாதிரி இருக்கும். மாதத்திலேயே எனக்கு மனசு நிறைகிற நாள் அதுதான். தாய்மொழியில் ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்று பாடும்போது தொண்டை அடைக்கிறதே, அது இங்கிலீஷில் வராது. அந்தப் பூசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாராவது நிறுத்தச் சொன்னால் முதல் ஆளாக நானே எதிர்த்து நிற்பேன்.

ஆனால் மற்ற ஞாயிறுகளில் நாம் எங்கே இருக்கிறோம்? சிலர் ஊர்க் கோவில் பூசையை யூடியூபில் பார்க்கிறோம். சிலர் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கோவிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நற்கருணை வாங்கிய கையோடு கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுகிறோம். பூசைக்கு அப்புறம் மண்டபத்தில் காபியும் டோனட்டும் வைத்திருப்பார்கள். அங்கே நம் முகத்தைப் பார்க்க முடியாது. இங்குள்ள பங்குகளில் குடும்பத்தைப் பதிவு செய்ய ஒரு படிவம் உண்டு. ஒரே பக்கம்தான். ஒன்பது வருஷம் நான் அதை நிரப்பவில்லை.

அக்டோபர் மாதத்து ஞாயிறுகளில் பூசைக்கு வருகிறவர்களைத் தலை எண்ணுவது அமெரிக்காவில் பல மறைமாவட்டங்களில் வழக்கம். பங்குகளை இணைப்பதா மூடுவதா என்று பேச்சு வரும்போது அந்தக் கணக்கைத்தான் முதலில் மேஜையில் வைப்பார்கள். கூடவே பதிவுசெய்த குடும்பங்கள் எத்தனை, காணிக்கை உறைகள் எத்தனை, ஞானஸ்நானம் எத்தனை, அடக்கம் எத்தனை. எங்கள் பங்கின் கணக்கைக் கூட்டத்தில் திரையில் காட்டினார்கள். அடக்கம் நிறைய, ஞானஸ்நானம் கொஞ்சம். நூறு பேர் கூடும் நம் பூசை அதில் எந்த வரியிலும் இல்லை. மண்டபத்தில் பிரியாணி வாசனை இரண்டு நாளைக்கு நிற்கும், ஆனால் காகிதத்தில் நாம் கிடையாது.

கூட்டத்தில் என்னைக் கேட்ட அந்தப் போலந்துப் பாட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தூத்துக்குடியில் என் அப்பா இறந்தபோது என் விசா புதுப்பிப்பு நடுவில் கிடந்தது. போனால் திரும்பி வர முடியுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. போகவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தேன்; இங்கே இன்னும் விடிந்திருக்கவில்லை. அந்த ஞாயிறு பூசை முடிந்தும் எழுந்திருக்க முடியாமல் கடைசி பெஞ்சிலேயே இருந்தேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நானே சொன்னேன்.

மறுநாள் மாலை வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம், மேலே அலுமினியத் தாள். கோழியும் நூடுல்ஸும் சீஸும் போட்டு ஓவனில் வைத்தது, இன்னும் சூடாக இருந்தது. பாத்திரத்தின் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி அதில் பேனாவால் தன் பெயரை எழுதியிருந்தார். சாவு வீடுகளுக்குக் கொடுத்தனுப்பும் பாத்திரம் வழி தவறாமல் திரும்பி வருவதற்காக. பல தடவை கழுவி டேப்பின் ஓரங்கள் மஞ்சளாகி, எழுத்து வெளிறியிருந்தது. அது எத்தனை சாவு வீடுகளைப் பார்த்த பாத்திரமோ. அப்பாவுக்கு ஒரு பூசையும் அவரே குறித்துக் கொடுத்தார், பத்து டாலர் பூசைக் காணிக்கையையும் கட்டிவிட்டார். முந்தின நாள் வாசகர் ஒருவர் போன் செய்து, அப்பாவின் பெயரை எப்படிச் சொல்லவேண்டும் என்று கேட்டு, மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பூசையில் அந்தப் பெயர் நிதானமாக, சரியாக ஒலித்தது. நான் அந்தப் பங்கில் பதிவுகூடச் செய்யாத ஆள்.

யாராவது கொடுத்தனுப்பிய பாத்திரத்தை ஊரில் வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம். நாலு முறுக்கு, இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். நான் அந்தப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, கோவில் அலுவலக மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். வெறுமனே.

நம்மில் பலர் சொல்லும் முதல் காரணம் விசா. “கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்பார்கள். இந்தியர்களுக்கு அந்த வரிசை எத்தனை வருஷம் இழுக்கிறது என்று எனக்கும் தெரியும், நானும் அதில்தான் நிற்கிறேன். நாளைக்கே வேலை போனால் அறுபது நாளில் மூட்டை கட்டவேண்டும் என்ற பயம் நெஞ்சில் இருக்கும்போது ஒரு இடத்தில் வேர் விட மனசு வராது. சரி. ஆனால் எங்கள் கோவிலைக் கட்டியவர்களைப் பாருங்கள். போலந்துக்காரர்கள். கண்ணாடிச் சன்னல்களின் அடியில் காணிக்கை கொடுத்த குடும்பங்களின் பெயர்கள் போலிஷ் மொழியில் இன்றும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் வந்தவர்களில் பலர் நாலு காசு சேர்த்ததும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் கப்பல் ஏறினார்கள். நிறையப் பேர் திரும்பியும் போனார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் இந்தச் சுவரை எழுப்பினார்கள். சிகாகோவில் 1867இல் தொடங்கிய புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்த்கா பங்கில் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஏறத்தாழ 40,000 பேர் இருந்தார்கள். பின்னாளில் அந்தக் கோவில் இருக்கும் இடத்தின் வழியாக நெடுஞ்சாலை போடத் திட்டம் வந்தபோது பங்கு மக்கள் விடவில்லை. இன்றைக்கும் கென்னடி விரைவுச்சாலை அந்தக் கோவிலை ஒட்டி வளைந்துதான் போகிறது.

“எங்களை யாரும் வரவேற்கவில்லையே” என்பது அடுத்த காரணம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் நம்மைத் தாண்டிப் பின்னால் இருப்பவருக்குக் கைகொடுத்தவர்கள் உண்டு. மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் “புதிதாக வந்திருக்கிறீர்களா” என்று கேட்டவர்களும் உண்டு. வலிக்கத்தான் செய்யும். இந்த வலியை நமக்கு முன்னால் பட்டவர்களும் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். நியூயார்க்கில் இத்தாலியக் குடியேறிகளை மேல் கோவிலில் விடாமல் அடித்தளத்தில் பூசை காணச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அவர்கள் நடுவில் வேலை செய்யத்தான் 1889இல் இத்தாலியத் துறவி அன்னை கப்ரீனி கப்பலில் வந்து இறங்கினார். அடிமையாகப் பிறந்த அகஸ்டஸ் டோல்டனை எடுத்துக்கொள்ள அமெரிக்காவில் ஒரு குருமடமும் முன்வரவில்லை. ரோமுக்குப் போய்ப் படித்து 1886இல் குருவானார், திரும்பி வந்து சிகாகோவில் கறுப்பின மக்களுக்காக ஒரு பங்கைக் கட்டி எழுப்பினார், 43 வயதில் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தார். இவர்கள் பட்டதோடு என் வருத்தத்தை வைத்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் தெளிவு வந்தது.

கதவைத் திறந்துவிடுவது யார் வேலை என்று நாம் நினைக்கிறோம்? திருச்சபைச் சட்டம் 518 பங்கை முதலில் இடத்தை வைத்துத்தான் வரையறுக்கிறது. அந்த எல்லைக்குள் குடியிருக்கும் விசுவாசிகள் எல்லாரும் அந்தப் பங்கின் மக்கள். மொழியை வைத்து அமையும் பங்குகள் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன. அப்படிப் பார்த்தால், இந்த ஊரில் வீடு வாடகைக்கு எடுத்த அன்றைக்கே நான் இந்தப் பங்கின் ஆள். அழைப்புக்காகக் காத்திருந்தது என் சொந்த வீட்டு வாசலில் நின்று காத்திருந்த மாதிரி.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கோபப்படாதீர்கள். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதி பார்த்து மக்களைப் பிரித்து வைத்த சுவரை 1910இல் இடித்தார்கள். கடல் தாண்டி வந்தும் நமக்குள் ஊர் பார்த்து, சாதி பார்த்துத் தனித்தனி வாட்ஸாப் குழுக்கள் ஓடுகின்றன. திருவிழாவுக்கு யார் பொறுப்பு, யார் வாசகம் வாசிப்பது என்பதில்கூட அது எட்டிப் பார்க்கிறது. தமிழ்ப் பூசைக்குள் மட்டுமே இருந்தால் இது நம்மைவிட்டுப் போகாது. ஒரு வியட்நாம்காரர், ஒரு மெக்சிகோகாரர், ஒரு போலந்துப் பாட்டி பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவும்போது, நம் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் அங்கே யாருக்கும் பொருட்டில்லை.

இந்த நாட்டில் விசுவாசம் எப்படி இருக்கிறது என்பதையும் நாம் கண் திறந்து பார்க்கவேண்டும். ஊரில் கோவில் நம் தெருவைப் போல. பிறந்தவுடனே அது நமக்கு உண்டு. இரண்டு ஞாயிறு போகாவிட்டால் உபதேசியாரோ பக்கத்து வீட்டு அத்தையோ கேட்டுவிடுவார்கள். இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். ஒவ்வொருவரும் தானே தேர்ந்தெடுத்து வரவேண்டும், தேர்ந்தெடுக்காதவர்கள் சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள். 2007இல் அமெரிக்கப் பெரியவர்களில் 78 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னார்கள். 2023–24இல் பியூ ஆய்வு மையம் மறுபடி கேட்டபோது அது 62. புதிதாகக் கத்தோலிக்கராக வரும் ஒருவருக்கு எதிரே, கத்தோலிக்கராக வளர்ந்து வெளியே போனவர்கள் எட்டுப் பேருக்கு மேல். குருக்கள் 1970இல் சுமார் 59,000 பேர் இருந்தார்கள், இப்போது 35,000க்கும் குறைவு.

அதனால்தான் கோவில்கள் மூடப்படுகின்றன. 2004இல் பாஸ்டன் மறைமாவட்டம் அறுபதுக்கும் மேற்பட்ட பங்குகளை மூட அறிவிப்பு விட்டது. 2023இல் செயின்ட் லூயிஸ் 178 பங்குகளை 134 ஆக்கியது. 2024இல் பால்டிமோர் நகரிலும் சுற்றிலும் இருந்த 61 பங்குகள் 23 ஆகின. திருத்தந்தை லியோ சிறுவனாக இருந்தபோது குடும்பத்தோடு போன பங்கே இன்று இல்லை. சிகாகோவின் தென்கோடியில் இருந்த அந்த விண்ணேற்பு மாதா கோவில் 2011இல் மூடப்பட்டது. 2025 மே 8 அன்று அவர் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, வத்திக்கான் சதுக்கத்தில் அவர் பெயரைச் சொல்லி மக்கள் ஆரவாரித்தபோது இங்கே அந்தக் கட்டடம் பாழடைந்து நின்றது.

பாஸ்டனுக்குத் தெற்கே சிச்சுவேட் என்ற கடலோர ஊரில் கப்ரீனி அன்னையின் பெயரில் ஒரு கோவில். மூடுகிறோம் என்றதும் மக்கள் 2004 அக்டோபரில் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். முறை வைத்து, இரவு பகலாக, உள்ளேயே தூங்கி, கோவிலை ஒரு நிமிடம்கூட ஆள் இல்லாமல் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அது எடுத்துக்கொள்ளாத பிறகு 2016 மே மாதம்தான் வெளியே வந்தார்கள். பதினொரு வருஷத்துக்கு மேல். அவர்கள் செய்தது சரியா என்று குருக்களிடையேயும் இரண்டு கருத்து உண்டு. எனக்கும் ஆயரை எதிர்த்து வழக்கு என்றால் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு கட்டடத்தை அவ்வளவு நேசித்தவர்கள் இந்த நாட்டில்தான் இருந்தார்கள். நம்மால் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை இரண்டு மணி நேரம் வர முடியவில்லை.

பிள்ளைகள் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. உறுதிப்பூசுதல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறோம், அதோடு படிப்பு முடிந்த மாதிரி அவர்கள் நின்றுவிடுகிறார்கள். தமிழ்ப் பூசையில் மறையுரை அவர்களுக்குப் புரியவில்லை. பாவம், பிரியாணிக்காகக் காத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் பூசையில் அவர்களை யாருக்கும் பெயர் சொல்லித் தெரியாது. இரண்டு இடத்திலும் விருந்தாளியாக வளரும் பிள்ளை பதினெட்டு வயதில் எந்த வீட்டுக்குத் திரும்பி வரும்? என் மகள் ஏழாம் வகுப்பில் பீடச் சிறுமியாகச் சேர்ந்தாள். அந்தக் கோவில்பிள்ளைப் பெரியவர்தான் மெழுகுதிரியை எந்தப் பக்கமிருந்து ஏற்றுவது, தூபக் கலசத்தைப் புகை முகத்தில் அடிக்காமல் எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொடுத்தார். இப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் அவள் என்னை எழுப்பிக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

இந்தத் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை மீன் பொரியலுக்கு நானும் போகிறேன். அமெரிக்கப் பங்குகளில் இது பெரிய வழக்கம். கொலம்பஸ் வீரர்கள் சபை ஆண்கள் மண்டபத்துச் சமையலறையில் காட் மீனை மாவில் முக்கிப் பொரித்துத் தருவார்கள், ஊரே வந்து சாப்பிடும், வரும் பணம் பங்குக்கு. 1882இல் மைக்கேல் மெக்கிவ்னி என்ற குரு அந்தச் சபையைத் தொடங்கியதே, குடியேறி வந்தவர்கள் திடீரென்று இறந்தால் மனைவி மக்கள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். நான் மாவு கரைக்கிறேன். எண்ணெய்ச் சட்டிக்கு இந்தப் பக்கம் நிற்பவர் டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர், அந்தப் பக்கம் நிற்பவர் ஹாரிஸுக்குப் போட்டவர். குடியேற்றம் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பேருக்கும் முகம் சிவந்துவிடும். ஆனால் கூடையை ஒருவர் தூக்க, மற்றவர் தட்டை நீட்டுகிறார். ஒருவருடைய மனைவிக்குக் கீமோ நடக்கிறது. மருத்துவமனைக்கு வண்டி ஓட்டுவது மற்றவர். தனிமை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று 2023இல் இந்த நாட்டின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி அறிக்கையே வெளியிட்டார். வயதும் வருமானமும் ஓட்டும் வேறுவேறான ஆட்கள் வாராவாரம் ஒரே கூரையின் கீழ் நிற்கும் இடங்கள் இங்கே வேறு எத்தனை இருக்கின்றன? ஒரு கோவிலை மூடினால் அந்தச் சமையலறையும் மூடுகிறது.

நான் கேட்பது இதுதான். உங்கள் வீட்டு முகவரிக்கு எந்தப் பங்கு என்று பார்த்து, இந்த வாரமே அந்தப் படிவத்தை நிரப்புங்கள். காணிக்கையை உறையில் போடுங்கள், இல்லையென்றால் ஆன்லைனில் பெயரோடு கொடுங்கள். பெயரில்லாத இருபது டாலர் தாள் கணக்கில் ஏறினாலும் உங்களை ஏற்றாது. பங்குப்பேரவையில் ஒருவர், நிதிக்குழுவில் ஒருவர் நம் ஆள் இருக்கட்டும். வங்கிக் கணக்கும் தணிக்கையும் பார்க்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்கவேண்டும் என்பது சட்டம், ஆனால் ஆள் கிடைக்காமல் ஃபாதர்கள் அலைகிறார்கள். நர்ஸாக இருக்கும் சகோதரிகளே, வீட்டில் படுத்திருக்கும் முதியவர்களுக்கு நற்கருணை கொண்டுபோக உங்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? இங்கே நம் ஊர்க் குருக்களே எத்தனையோ அமெரிக்கப் பங்குகளுக்குப் பங்குத்தந்தைகளாக இருக்கிறார்கள். அவர்களுடைய உச்சரிப்பு புரியவில்லை என்று மக்கள் முணுமுணுக்கும்போது பக்கத்தில் நின்று “நல்ல மனுஷர், கொஞ்சம் பழகுங்கள்” என்று சொல்லக்கூட நாம் அங்கே இருப்பதில்லை.

நம்மிடம் இருப்பதையும் அவர்களுக்குக் கொடுப்போம். வாஷிங்டனில் அமல உற்பவ அன்னையின் தேசியத் திருத்தலத்தில் 1997இலேயே வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் அமைந்துவிட்டது. நம் மாதா அமெரிக்கத் திருச்சபையின் வீட்டுக்குள் எப்போதோ போய்விட்டார். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை நாம் செய்யும் நவநாளை ஏன் மதியம் மூன்று மணிக்கு நமக்குள் மட்டும் செய்யவேண்டும்? ஒரு மாலையாவது பங்கு முழுவதையும் கூப்பிடுவோம். அந்தப் போலந்துப் பாட்டிக்கு அவர் நாட்டு செஸ்டகோவா மாதா என்றால் உயிர். சேலை கட்டிய மாதாவைப் பார்த்தால் அவருக்கு விளக்கம் சொல்லவேண்டியிருக்காது.

எங்கள் பகுதியில் இருப்பவர்களுக்கு: இரண்டாவது கூட்டம் வரும் செவ்வாய் மாலை 7 மணிக்கு, அதே அடித்தள மண்டபத்தில். முன்வாசல் பூட்டியிருக்கும், கார் நிறுத்துமிடத்துப் பக்கத்துக் கதவு வழியாக வாருங்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம், பக்கத்து அறையைத் திறந்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். நான் ஆறரைக்கே வந்துவிடுவேன். நாற்காலி விரிக்க இரண்டு பேர் வேண்டும். முறுக்கு சுட்டுக் கொண்டுவருகிறேன், அந்தப் பாட்டிக்குக் கொடுக்கவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

கிறிஸ்துவில் அன்புடன்,
உங்களில் ஒருவர்